வானத்துக் கண்ணாடியும் கடலூர்க் கம்பமும்

(சங்கராபுரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பட்டா, ரேஷன் ஆகியவற்றைப் பற்றிப் பேசத்தான் வழக்கமாக நாம் இந்த மேடையில் ஏறுகிறோம். இன்றைக்கு அப்படி அல்ல. இன்றைக்கு வானத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "என்ன தோழரே, ஜோசியமா?" என்று முன்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். ஜோசியம் அல்ல, விஞ்ஞானம். கரும்பு வெட்டிக் கை காய்த்தவனுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல இங்கே நேரமில்லை. விஷயத்துக்கு வருவோம்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஆலை வாசலில் ஷிப்ட் முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். கடலூருக்குப் போய் வந்த இளம் தோழர் ஒருவர் ஒரு சேதி சொன்னார். கடற்கரையில் உயரமான கம்பங்களை நட்டு, சுற்றிலும் வேலி போட்டிருப்பதைப் பார்த்தாராம். "அது கப்பலை வேவு பார்க்கிற ராடார்" என்றார் ஒருவர். "இல்லை, யுத்தத்துக்கு" என்றார் இன்னொருவர். மூலையில் இருந்த பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார்: "அதை நட்ட பிறகுதான்யா நம்ம பக்கம் மழையே குறைஞ்சுது. மேகத்தை விரட்டுற கம்பம் அது!"

எல்லோரும் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். நாம் படித்தது பத்தாவது வரைதான். ஆனாலும் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்துவர மனம் இல்லை. கேட்டோம், படித்தோம், தெரிந்த ஆசிரியர்களிடம் போய் உட்கார்ந்தோம். தெரிந்துகொண்டதை இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ராடார் என்றால் என்ன? கல்வராயன் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பையன் 'ஓ'வென்று கூவுகிறான். எதிர்ப் பாறை 'ஓ'வென்று திருப்பிக் கூவுகிறது. குரல் திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்தால் பாறை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். ராடாரும் இதைத்தான் செய்கிறது. குரலுக்குப் பதில் ரேடியோ அலை. அது வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. விமானத்தில் பட்டு, கப்பலில் பட்டு, திரும்பி வருகிறது. அவ்வளவுதான் ராடார்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. ரேடியோ அலை நேராகப் போகிறது, பூமியோ உருண்டை. கல்வராயன் மலையில் 1000 மீட்டர் உயரத்தில் ஏறி நின்றாலும், நம் கண்ணுக்கு எட்டுவது சுமார் 113 கிலோமீட்டர்தான். கடலூர்க் கரை வரும்போதே பார்வை தீர்ந்துபோகும். அதற்கு அப்பால் பூமி வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. கடற்கரையில் நிற்கிற மனிதனுக்கோ 5 கிலோமீட்டர்கூடத் தெரியாது. கடலுக்குள் போன படகு முதலில் உடல் மறைந்து, பிறகு பாய் மறைந்து காணாமல் போவது இதனால்தான். கரையில் வைத்த சாதாரண ராடாருக்கும் இதே கதிதான். அந்தத் தொடுவானத்தைத் தாண்டிப் பார்ப்பது எப்படி? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் நம் வீட்டு ரேடியோவுக்குள்ளேயே இருந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாம் சிறுவராய் இருந்த காலத்தில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் ரேடியோவை வைத்து முள்ளைத் திருப்புவார்கள். இலங்கை வானொலி வரும். மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பு வரும். லண்டன் தமிழோசை வரும். நல்ல பாட்டு நடுவிலே வந்துகொண்டிருக்கும்போதே குரல் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கிப் போகும். கொஞ்ச நேரத்தில் தானாகவே மேலேறி வரும். சில சமயம் ஒரே வார்த்தை இரண்டு தரம் கேட்பதுபோல இழுத்துக்கொண்டு வரும். "பேட்டரி போச்சு" என்பார் அப்பா. பேட்டரியை வெயிலில் வைத்துப் பார்ப்போம், மாற்றியும் பார்ப்போம். மறுநாளும் அதே கதைதான். பேட்டரியின் மேல் குற்றமே இல்லை, தோழர்களே! குற்றம் வானத்தில்.

மாஸ்கோ எங்கே, சங்கராபுரம் எங்கே? நடுவில் பூமியின் பெரிய வளைவு நிற்கிறது. நேராகப் போகிற அலை எப்படி வந்து சேர்ந்தது?

1901 டிசம்பரில் மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி கனடாப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பியபோது பெரிய விஞ்ஞானிகளே இதே கேள்வியைக் கேட்டார்கள். மறு ஆண்டில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள். அமெரிக்காவில் கென்னலி, இங்கிலாந்தில் ஹெவிசைடு. இந்த ஹெவிசைடு யார் தெரியுமா? 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, தந்தி நிலையத்தில் வேலை பார்த்தவர். கல்லூரி வாசல் ஏறாதவர். வானத்தில் உயரே மின்சாரம் பாயக்கூடிய ஒரு அடுக்கு இருக்கிறது, அலை அதில் பட்டுத் திரும்புகிறது என்றார்கள். 1924இல் ஆப்பிள்டன் என்பவர் சோதனை செய்து அதை நிரூபித்தார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா 1930களிலேயே இந்த ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். மேல் வளிமண்டலத்தைப் பற்றி அவர் எழுதி 1947இல் வெளிவந்த புத்தகத்தை உலகம் முழுவதும் பாடமாகப் படித்தார்கள்.

அந்த அடுக்குக்கு அயனி மண்டலம் என்று பெயர். சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்காற்றின் அணுக்களை அடித்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து விடுகின்றன. பிய்ந்து திரியும் எலெக்ட்ரான் கூட்டம்தான் ரேடியோ அலையை வளைக்கிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் தண்ணீர் கிடப்பதுபோல் தெரிகிறதே, கானல், அங்கே சூடான காற்று வெளிச்சத்தை வளைக்கிறது. அதே வேலைதான், தலைகீழாக! சாலையில் கீழே நடப்பது அங்கே மேலே நடக்கிறது. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய அடுக்கு. அது பகலில் அலையை விழுங்குகிறது. 110 கிலோமீட்டர் அளவில் ஒன்று. அதற்கு மேல் 250, 300, 400 கிலோமீட்டரில் மிகத் தடித்த அடுக்கு. பொழுது சாய்ந்ததும் கீழடுக்கு கலைந்து விடுகிறது. விழுங்குகிற வாய் மூடிவிடுகிறது. அதனால்தான் தூர தேசத்து ஸ்டேஷன் ராத்திரியில் வந்தது.

இந்த வித்தையைத்தான் ராணுவங்கள் பிடித்துக்கொண்டன. ராடார் அலையை மேலே சாய்வாக அனுப்பு. அது வளைந்து 1000, 2000, 3000 கிலோமீட்டருக்கு அப்பால் கீழே இறங்கட்டும். அங்கே பறக்கும் விமானத்தில் பட்டு வந்த வழியே திரும்பட்டும். இதுதான் தொடுவானுக்கு அப்பால் பார்க்கும் ராடார். அமெரிக்கக் கடற்படை 1960களின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டியது. அன்றைய சோவியத் நாடு செர்னோபில் பக்கத்தில் 150 மீட்டர் உயரத்துக்கு இரும்புக் காடு போல ஒன்றைக் கட்டியது. 1976இல் உலகத்தின் சிற்றலை ரேடியோக்களில் எல்லாம் வினாடிக்கு 10 தட்டு வீதம் 'டக் டக் டக்' என்று மரங்கொத்தி மாதிரி ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது; 1989 வரை கேட்டது. விமானக்காரர்கள் திட்டினார்கள், கப்பல்காரர்கள் திட்டினார்கள். நம் பக்கத்து நாடு என்று நினைத்த நாடு செய்தது என்பதற்காக நாம் அதை மறைத்துப் பேசப் போவதில்லை. ஊரார் பாட்டைக் கெடுத்தது கெடுத்ததுதான். ஆஸ்திரேலியாவும் இத்தகைய ராடார்களை வைத்திருக்கிறது. அவற்றில் எதிரொலியைக் கேட்கிற கம்ப வரிசை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம்.

சரி, ராடார் கட்டியாகிவிட்டது. வேலை முடிந்ததா? இங்கேதான் தொல்லையே ஆரம்பம். ஏனெனில் வானத்தில் இருப்பது பெல்ஜியம் கண்ணாடி அல்ல. ஏரித் தண்ணீர் மாதிரி அலைகிற கண்ணாடி. ஏரிக்கரையில் நின்று தண்ணீரில் பனைமரத்தின் நிழலைப் பாருங்கள். காற்று இல்லாதபோது மரம் மரமாகத் தெரியும். சிறு காற்று அடித்தால் மரம் நெளியும், துண்டு துண்டாகும், ஒன்று மூன்றாகத் தெரியும். அந்த நிழலை மட்டும் பார்த்து மரத்தில் எத்தனை குலை இருக்கிறது என்று எண்ணச் சொன்னால் எப்படி இருக்கும்? ராடார்க்காரன் பாடு அதுதான்.

ஒரே கப்பலின் எதிரொலி கீழடுக்கில் பட்டு ஒன்று வரும், மேலடுக்கில் பட்டு இன்னொன்று வரும். போன வழி ஒன்று, வந்த வழி வேறு என்று மூன்றாவதும் வரும். ஒரு கப்பல் மூன்று கப்பலாகத் தெரியும். திண்ணை ரேடியோவில் ஒரே வார்த்தை இரண்டு தரம் கேட்டதே, அதன் அண்ணன் இது. அடுத்தது, கண்ணாடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நாம் போட்ட கணக்கு தப்பினால் கப்பல் இருக்கும் இடமே தப்பிப் போகும், பத்து இருபது கிலோமீட்டர்கூட.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை வேகக் கணக்கில் வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். எதிரே வருகிற ரயிலின் ஊதல் கீச்சென்று உயர்ந்து கேட்கிறது. நம்மைத் தாண்டிப் போகும்போது தணிந்து கேட்கிறது அல்லவா? அதேபோல் நகர்கிற கப்பலில் பட்ட அலையின் அதிர்வும் சிறிது மாறித் திரும்புகிறது. வினாடிக்கு 10 மீட்டர் போகிற கப்பல், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். ராடார் அலை வினாடிக்கு ஒன்றரைக் கோடி தரம் அதிர்கிறது. கப்பலின் வேகத்தால் அதில் ஏற்படும் மாற்றம் எவ்வளவு? ஒன்றே ஒன்று! ஒன்றரைக் கோடியில் ஒன்று. மூட்டை மூட்டையாய்க் கிடக்கும் நெல்லில் ஒரு நெல்லைத் தேடுவது மாதிரி. சுற்றிலும் கடலலைகள் வேறு பெரிய எதிரொலி கொடுக்கின்றன. கப்பலின் சிறு எதிரொலியை அதிலிருந்து பிரித்து எடுக்க வேண்டுமானால் அரை நிமிஷமோ அதற்கு மேலோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அரை நிமிஷத்தில் மேலே இருக்கிற கண்ணாடி சும்மா இருக்குமா? அது ஏறும், இறங்கும். கண்ணாடியின் வேகமும் கப்பலின் வேகமும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிப் போகும். எழுதிய மை காயும் முன் கை பட்ட மாதிரி எல்லாம் பூசிக்கொள்ளும்.

இந்தக் குழப்பம் உலகத்தில் எங்கே அதிகம்? நம் தலைக்கு மேலேதான்!

பூமி ஒரு காந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அது நம் நாட்டின் தென்கோடியில், திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கமாகப் போகிறது. அந்தக் கோட்டின் மேல், 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், பகல் முழுவதும் கிழக்கு நோக்கி ஒரு மின்சார ஆறு ஓடுகிறது. கம்பியும் இல்லை, மின்வாரியமும் இல்லை, பில்லும் இல்லை! சில நூறு கிலோமீட்டர் அகலமான ஆறு. பகல் நேரத்தில் நடுக்கோட்டின் மேலிருக்கும் எலெக்ட்ரான் கூட்டம் மேலே தூக்கி எறியப்பட்டு, காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் நீரூற்றுப் போல வழிகிறது. நடுவில் இருக்க வேண்டியது இரண்டு ஓரத்திலும் போய்க் குவிகிறது. இப்படிக் குவிவது காந்தக் கோடுகளின் ஆட்சியால்தான் என்று 1946இலேயே எழுதியவர் நாம் முன்பு சொன்ன மித்ராதான்.

பொழுது சாய்ந்ததும் இன்னொரு வேடிக்கை. மேலடுக்கு வினாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் மேலேறுகிறது. கீழே எலெக்ட்ரான்கள் கலைந்து லேசாகி விடுகின்றன; மேலே கனம் நிற்கிறது. எண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் கீழே இறங்கும், எண்ணெய் குமிழி குமிழியாய் மேலே வரும். அதேபோல் வெற்றுக் குமிழிகள் அடுக்கைப் பிளந்துகொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்குக் கிளம்புகின்றன. பெரு நாட்டில் 1938இல் புக்கர், வெல்ஸ் என்ற இருவர், ராத்திரி நேரத்தில் எதிரொலி தெளிவாக வராமல் பரந்து சிதறி வருவதைக் கண்டு முதலில் எழுதி வைத்தார்கள். அதற்குக் காரணம் இந்தக் குமிழிகள்தான் என்பது பின்னால் தெரிந்தது. திண்ணையில் நம் பாட்டைக் கெடுத்த காரணங்களில் இதுவும் ஒன்று.

இதையெல்லாம் அளக்க எங்கும் தூரம் போக வேண்டாம். கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1950களில் அயனி மண்டலத்தை அளக்கும் கருவியை வைத்தார்கள். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் பூகாந்த ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் இருக்கிறது. திருப்பதிக்குப் போகிறவர்கள் காணிப்பாக்கத்தோடு திரும்பி விடுகிறார்கள். அந்தப் பக்கத்திலேயே காதங்கி என்ற கிராமத்தில் 1024 ஆன்டெனாக்களை வரிசை வரிசையாக, நாற்று நட்ட வயல் மாதிரி, 130 மீட்டருக்கு 130 மீட்டர் நிலத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து அந்த வயலில் விளைவது வானத்துக் கணக்கு. நம் சங்கராபுரம் இந்த நிலையங்களுக்கு நடுவிலே இருக்கிறது. தலைக்கு மேலே உலகத்தின் மிகவும் சேஷ்டைக்கார வானம். கீழே கரும்பும் மரவள்ளியும்.

குழப்பத்தைக் குறைப்பது எப்படி?

ஒரு வழி, கண்ணாடியை ஓயாமல் தட்டிப் பார்ப்பது. கொடைக்கானலில் வைத்தது போன்ற கருவி செங்குத்தாக மேலே பார்த்து ஒவ்வொரு அதிர்வெண்ணாக அனுப்பிக்கொண்டே போகும். எதுவரை திரும்பி வருகிறது, எதற்கு மேல் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடுகிறது என்று குறிக்கும். அதிர்வெண் மிக அதிகமானால் துளைத்துப் போகும். மிகக் குறைந்தால் கீழடுக்கு விழுங்கிவிடும். நடுவே ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்து காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி வேறொன்று. மழைக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. சூரியனில் 11 வருஷத்துக்கு ஒரு தரம் கரும்புள்ளிகள் பெருகும்போது மொத்தமாகவே மாறிவிடும். 2024 மே மாதத்தில் சூரியப் புயல் அடித்து லடாக்கில்கூட வானம் சிவந்ததே, அப்படிப்பட்ட நாட்களில் சந்தே அடைபட்டுப் போவதும் உண்டு. ஆகவே நல்ல ராடார்க்காரன் ஒரே அதிர்வெண்ணைக் கட்டிக்கொண்டு அழமாட்டான். கமலை ஓட்டுகிறவன் கிணற்றுத் தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை நீட்டுகிற மாதிரி மாற்றிக்கொண்டே இருப்பான்.

இன்னொரு வழி மிகவும் அழகானது. நாம் இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டோம். கண்ணாடி ஆடுகிறது, எப்படி ஆடுகிறது என்று தெரியவில்லை. என்ன செய்வது? ஆடாத ஒன்றைக் கண்ணாடியில் பார்! சலூன் கண்ணாடி ஆடினால் உன் மூக்கு ஆடுவது போலத் தெரியும். உன் மூக்கு ஆடவில்லை என்று உனக்குத் தெரியும். ஆகவே தெரிகிற ஆட்டமெல்லாம் கண்ணாடியின் ஆட்டம். அதை அளந்து கழித்துவிட்டால் பின்னால் நிற்கிறவன் உண்மையில் எப்படி அசைகிறான் என்பது தெரிந்துவிடும். ராடாரில் அந்த மூக்கு எது? கடற்கரை ஓரம், ஒரு தீவு, இடம் தெரிந்த ஒரு கம்பத்தில் வைத்த சிறு பதில் கருவி. இவற்றின் இடம் படத்தில் நமக்குத் தெரியும். ராடார் அவற்றை வேறு இடத்தில் காட்டினால் அந்தத் தப்பை மற்ற எல்லாவற்றிலும் திருத்தலாம்.

வேகத்துக்கும் ஒரு மூக்கு உண்டு. அதுதான் கடலலை. ராடார் அலையின் நீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடலலைகள் மட்டும் எல்லாம் ஒன்றுகூடி, கோஷம் போட்டாற்போல் பலமான எதிரொலி கொடுக்கின்றன. இன்ன நீளமுள்ள கடலலை இன்ன வேகத்தில்தான் போகும் என்பது இயற்கையின் கணக்கு. யாரும் மாற்ற முடியாது. ஆகவே அந்த எதிரொலி கூர்மையான இரண்டு கோடுகளாக வர வேண்டும். பூசினாற்போல் வந்தால் பூசியது வானம் என்று அர்த்தம். எவ்வளவு பூசியது என்று கடலலையைக் கேட்டு, திருப்பித் துடைத்துவிட வேண்டும். துடைத்த பிறகு அடியில் ஒளிந்திருந்த கப்பல் தெரிகிறது. கப்பலை மறைத்த அதே கடலலை கப்பலைக் காட்டிக் கொடுக்கவும் உதவுகிறது!

ராத்திரிக் குமிழிகளின் சிதறலுக்கு மட்டும் இது போதாது. அங்கே செய்யக்கூடியது, நீண்ட ஆன்டெனா வரிசையின் கணக்கை மாற்றி, தொல்லை வருகிற திசைக்கு மட்டும் காதைப் பொத்திக்கொள்வது. அலையை அனுப்பும் தாளத்தை மாற்றிப் பார்ப்பதும் உண்டு. சில ராத்திரிகளில் எதுவும் பலிக்காது. வானம் தெளியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வேலைநிறுத்தம் தெரிந்தவர்கள் நீங்கள். காத்திருப்பதும் ஒரு வேலை என்பது உங்களுக்குப் புரியும்.

இனி நம் கடலூர்க் கம்பம். அது வானத்துக் கண்ணாடியைப் பார்க்கிற ராடார் அல்ல. தொடுவானைத் தாண்ட இன்னொரு வழி இருக்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தாழ்ந்த அதிர்வெண் அலை கடலின் தோலைத் தடவிக்கொண்டே, பூமியின் வளைவோடு வளைந்து போகும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த ஆண்டுகளில், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலூர், கல்பாக்கம் கரைகளில் இப்படிப்பட்ட ராடார்களை ஜோடியாக வைத்தது. ஆந்திரா, ஒரிசா, குஜராத், அந்தமான் கரைகளிலும் வைத்தார்கள். சுமார் 5 மெகாஹெர்ட்ஸில், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம் வரை கடல் நீரோட்டத்தை அளப்பது அவற்றின் வேலை. எப்படி? இந்த அலையின் நீளம் 60 மீட்டர்; ஆகவே 30 மீட்டர் நீளமுள்ள கடலலை பதில் சொல்லும். அந்தக் கடலலை மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். அதற்கு மேலோ கீழோ போனால், அந்த வித்தியாசம் அடியில் ஓடும் நீரோட்டத்தின் வேகம். ஒரு கம்பம் ஒரு கோணத்தில் பார்க்கிறது, இன்னொன்று வேறு கோணத்தில். இரண்டையும் சேர்த்தால் தண்ணீர் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

இங்கேயும் வானம் சும்மா விடுகிறதா? இல்லை. கம்பத்திலிருந்து மேலே கசிகிற அலை அயனி மண்டலத்தில் பட்டு, அழைக்காத விருந்தாளி மாதிரித் திரும்பி வந்து விழுகிறது. 110 கிலோமீட்டர் உயரத்து அடுக்கிலிருந்து வந்தால் 110 கிலோமீட்டர் தூரத்துக் கடலின் மேல் போய் உட்காரும். ராத்திரியில் தூர தேசத்து ஒலிபரப்புகளும் வந்து மோதும். ஒரு ராடாருக்குக் கண்ணாடியாக இருப்பது இன்னொரு ராடாருக்குக் கறையாகிறது. அந்தக் கறையை நீக்கவும் நாம் சொன்ன அதே வழிகள்தான்.

ஆகவே மூலையில் இருந்த பெரியவருக்குச் சொல்கிறோம்: ஐயா, அந்தக் கம்பம் மேகத்தை விரட்டவில்லை. மேகம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது!

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறோம்? இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம், கேளுங்கள்.

1967 மே 23. ஏவுகணை வருகிறதா என்று பார்க்க அமெரிக்கா வடக்கே வைத்திருந்த மூன்று பெரிய ராடார்களும் ஒரே நேரத்தில் குருடாகிவிட்டன. சோவியத் நாடு வேண்டுமென்றே அடைத்துவிட்டது, யுத்தம் வருகிறது என்று நினைத்து, குண்டு விமானங்களைத் தயார் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அணுகுண்டுக் காலம், தோழர்களே! அன்றைக்குச் சூரியனைக் கவனிக்கும் சில நிபுணர்கள் அவர்களிடத்திலேயே இருந்தார்கள். "இது எதிரியின் வேலை அல்ல, சூரியனில் பெரிய வெடிப்பு, அதன் ரேடியோ இரைச்சல்" என்று அவர்கள் சொன்ன சேதி சரியான நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தது. விமானங்கள் கிளம்பவில்லை. இந்த விவரம் 2016இல்தான் விரிவாக வெளியே வந்தது. வானம் செய்த குழப்பத்தை வானம் செய்தது என்று சொல்லத் தெரிந்த ஆள் இல்லாமல் போயிருந்தால்? அன்றைக்கு இங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

இன்னொன்று நம் பக்கம். அந்த மின்சார ஆற்றை ஆராய ராக்கெட் விட வேண்டும், காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும் என்று ஹோமி பாபாவும் விக்ரம் சாராபாயும் தேடினார்கள். திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் கிராமம் அகப்பட்டது. மீனவ ஜனங்கள் தங்கள் மாதா கோவிலையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்து வேறிடம் போனார்கள். மாதா கோவிலிலேயே விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். 1963 நவம்பர் 21இல் அமெரிக்க ராக்கெட் ஒன்று அங்கிருந்து கிளம்பியது. பிரான்சும் சோவியத் நாடும் உதவிக்கு வந்தன. இந்திய விண்வெளி ஆராய்ச்சி அந்தக் கடற்கரை மணலில்தான் பிறந்தது.

54 வருஷம் கழித்து, 2017 நவம்பர் கடைசியில், அதே கடற்கரையில் ஒக்கிப் புயல் அடித்தது. குமரி மாவட்டத்து மீனவர்களும் திருவனந்தபுரத்து மீனவர்களும் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களிடம் இருந்த கருவி நேர்கோட்டில் சில பத்து கிலோமீட்டர்தான் பேசும், தொடுவானைத் தாண்டாது. கரையில் எச்சரிக்கை சொன்னாலும் அவர்கள் காதில் விழ வழியில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. வானத்து மின்சார ஆற்றின் ஆராய்ச்சிக்குக் கோவிலைக் கொடுத்தார்களே, அவர்கள் இருந்த கரையின் பிள்ளைகள்! ராக்கெட் மேலே போனது. சேதி மட்டும் படகுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு 2019இல் ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் ஜெமினி என்ற சிறு கருவியை வெளியிட்டது. விண்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை வரும், எங்கே மீன் கிடைக்கும் என்ற தகவலும் வரும். அந்தச் சேதியைச் சுமந்து வருவது ககன் என்ற ஏற்பாடு. விண்கோளிலிருந்து இறங்கும் அலை அயனி மண்டலத்தைத் துளைத்து வரும்போது சற்றுத் தாமதமாகிறது. அதனால் இடக் கணக்கு பல மீட்டர் தப்புகிறது. நாடு முழுவதும் 15 இடங்களில் அந்தத் தப்பை அளந்து திருத்தி அனுப்புவது ககனின் வேலை. விமானங்களுக்காகச் செய்தது இது. 2015இல் அதற்கு முழு அங்கீகாரம் கிடைத்தது. சேஷ்டைக்கார வானத்தின் கீழ் இப்படி ஒன்றை முதலில் ஓட்டிக் காட்டியது நம் நாட்டு விஞ்ஞானிகளும் தொழிலாளிகளும்தான். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுகிறோம். ஆனால் கருவி எத்தனை படகில் இருக்கிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள், எச்சரிக்கை தமிழில் வருகிறதா என்ற கேள்விகளைக் கடலூர்த் தோழர்களோடு சேர்ந்து நாமும் கேட்போம். கரையில் இருக்கிறவன் கடலில் இருக்கிறவனுக்காகக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவர் கையைத் தூக்குகிறார். "மழையைச் சொல்ற ராடார் உண்டாய்யா?" என்று கேட்கிறார். உண்டு தாயே. அது வேறு வகை. சென்னையிலும் காரைக்காலிலும் இருக்கிறது. அது நேர்கோட்டில் பார்க்கும். மேகத்துக்குள் இருக்கும் மழைத்துளியில் பட்டுத் திரும்பும். தூரம் போகப் போக பூமியின் வளைவால் அதன் பார்வை உயர்ந்துகொண்டே போகும். அதனால் தாழ்ந்த மேகம் தப்பிவிடும். கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் என்ன பெய்கிறது என்பது அதற்குச் சரியாகத் தெரியாமல் போகலாம்.

அடுத்த கூட்டம் இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம். யார் வீட்டிலாவது பழைய சிற்றலை ரேடியோ பரணில் கிடந்தால் தூசி தட்டிக் கொண்டு வாருங்கள். பேட்டரி நாம் கொண்டு வருகிறோம். எந்த நாட்டுக் குரல் வருகிறது, எப்போது கிணற்றில் இறங்குகிறது, எப்போது ஏறுகிறது என்று எல்லோரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் குறிப்போம்.